சாவை மறுக்கும் உலகங்கள்: ஒரு புதினமும் இரு கணினி விளையாட்டுகளும்

‘விளையாட்டாகச் சொன்னேன்’ என்று ஒருவர் கூறும்போது, தாம் சொன்னதற்குப் பொறுப்பேற்க அவர் விரும்பவில்லை என்பதே பொருள். ‘விளையாட்டு வினையாகும்’ என எச்சரிக்கும் பழமொழியும் நம்மிடையே உண்டு. கணினி விளையாட்டுகளைப் பற்றியும் மாயக் கற்பனைப் புதினங்களைப் பற்றியும் நம் வட்டாரங்களில் எழும் பேச்சு, பெரும்பாலும் இவ்விரு கூற்றுகளுக்குள் அடங்கிவிடுகிறது. அவை பொருட்படுத்தத் தகாத சிறுபிள்ளைத்தனம் என்பர் ஒரு சாரார். இளைஞரைக் கெடுக்கும் தீமை என்பர் மற்றொரு சாரார். அவற்றை ஆற அமரப் பார்த்துத் தீர்ப்புக் கூறுவோர் இரு சாராரிலும் சிலரே.

அண்மையில் நாம் வாசித்து முடித்த ஒரு புதினத்தையும், ஆடி முடித்த இரு விளையாட்டுகளையும் இங்கு ஒருசேர ஆராய முற்படுகிறோம். நாட்டாலும் காலத்தாலும் வடிவத்தாலும் வேறுபட்ட இம்மூன்று படைப்புகளும் ஒரே வினாவின்மீது வந்து நிற்கின்றன. சாவை விலக்கிவிட்டால் வாழ்வு என்னவாகும் என்பதே அவ்வினா. இவை தரும் விடைகளை மட்டுமன்று, அவ்விடைகளைத் தரும் முறையையும் நாம் நோக்குதல் வேண்டும். சாவு மெய்யானது என்று சொல்லும் ஒரு படைப்பு, தன் சொந்த அமைப்பிலும் அதனை மெய்யாக்குகின்றதா? இதனையே நம் அளவுகோலாகக் கொள்கிறோம்.

1. வறண்ட நிலத்தின் மதில்

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் (1929–2018) எழுதிய ‘தி ஃபார்தஸ்ட் ஷோர்’, அதாவது ‘மிகத் தொலைவிலுள்ள கரை’, 1972-ஆம் ஆண்டு வெளிவந்தது. மறு ஆண்டே சிறார் இலக்கியத்துக்கான அமெரிக்கத் தேசிய நூல் விருதைப் பெற்றது. எர்த்சீ எனும் தீவுக்கூட்டத்தைக் களமாகக் கொண்ட நூல் வரிசையில் இது மூன்றாவது. இவ்வுலகில் மந்திரம் என்பது ஒவ்வொரு பொருளின் மெய்ப்பெயரையும் அறிந்து அழைக்கும் ஆற்றல். மந்திரம் என்ற சொல்லைக் கண்டதும் நூலை மூடிவிடுவோர் இதனை உளங்கொள்ளுதல் நன்று. பெயரிடுதல், பெயர்சொல்லி அழைத்தல் ஆகியவற்றைப் பற்றிய சிந்தனை இறையியல் மாணவர்க்குப் புதியதன்று.

கதை எளிது. தீவுதோறும் மந்திர ஆற்றல் வற்றிவருகிறது என்ற செய்தியோடு அரென் என்னும் இளவரசன் ரோக் தீவுக்கு வருகிறான். தலைமை மந்திரியான முதியவர் கெட், அவனை உடனழைத்துக்கொண்டு சிறு படகில் புறப்படுகிறார். அவர்கள் காணும் அழிவு போரினால் வந்ததன்று. பட்டுக்குப் பேர்போன தீவில் நெய்தலும் சாயமிடுதலும் சீர்கெட்டுக் கிடக்கின்றன. கடலின் நடுவே தெப்பங்களில் வாழும் மக்களின் பாடகர், தலைமுறைதோறும் பாடிவந்த பாட்டின் சொற்களை மறந்து வாயடைத்து நிற்கின்றனர். காப் என்னும் மந்திரவாதி சாவை வெல்ல விரும்பி, உயிருள்ளோர் உலகுக்கும் இறந்தோர் உலகுக்கும் இடையே ஒரு வாயிலைத் திறந்துவிட்டான். அதன் வழியே உலகின் உயிர்ப்பு முழுவதும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. ‘சாகாமல் இருக்கலாம்’ என்ற அழைப்பைக் கேட்டோர் தம் பெயரையும் தொழிலையும் அன்பையும் அதற்கு விலையாகக் கொடுத்துவிட்டனர்.

நாம் இப்புதினத்தில் மிகவும் மதிப்பது இதனையே. தீமையின் அளவைக் காட்ட லெ குவின் பிணக்குவியல்களை நாடவில்லை, சாயத்தொட்டியைக் காட்டுகிறார். சாவை மறுத்தவன் முதலில் இழப்பது, நாளும் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யும் ஆர்வத்தை என்பது கூர்ந்த நோக்கு. இறுதியில் கெட் அவ்வாயிலை மூடுகிறார். தம் ஆற்றல் முழுவதையும் அதற்கே செலவிட்டு, மந்திரம் இழந்த மனிதராகத் திரும்புகிறார். 1990-இல் வெளிவந்த ‘தெஹானு’ என்னும் அடுத்த நூலிலும் அந்த ஆற்றல் அவருக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. ஆசிரியர் தம் தலைவனுக்குச் சலுகை காட்டவில்லை.

ஆயினும் இந்நூலோடு நமக்கு ஒரு வழக்கு உண்டு. தாவோ சிந்தனையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட லெ குவின், வாழ்வையும் சாவையும் ஒரே துலாக்கோலின் இரு தட்டுகளாகக் காண்கிறார். ஒளிக்கு நிழல் வேண்டும், அலை எழுவதற்கு விழவும் வேண்டும் என்பது போன்ற அறிவுரையைக் கெட் அரெனுக்குக் கூறுகிறார். நெடுநாள் வாழ்ந்து நிறைந்தவர் வாயில் அவ்வறிவுரை அழகுறப் பொருந்துகிறது. வாழத் தொடங்குமுன் சாகும் குழந்தையின் பெற்றோரிடம் அதனையே சொல்லக் கூடுமா? இப்புதினம் அவ்வினாவை எழுப்பவில்லை. இறந்தோரின் வறண்ட நிலத்தில் காதலர் ஒருவரையொருவர் அறியாது கடந்து செல்லும் காட்சி நம்மை உலுக்குகிறது. அதற்கு மறுமொழி இந்நூலில் இல்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப்பின், 2001-இல் வெளிவந்த ‘தி அதர் விண்ட்’ என்னும் நூலில், அந்நிலத்தைச் சூழ்ந்த கல்மதிலை லெ குவினே இடிக்கச் செய்தார். இறந்தோர் அங்கே அடைபட்டதும் பண்டை மனிதரின் சாகாமை ஆசையின் விளைவே என்று காட்டினார். தம் படைப்பு விட்டுச்சென்ற கேள்வியை ஓர் எழுத்தாளர் இத்தனை ஆண்டுகள் சுமந்திருந்தமை போற்றத்தக்கது.

2. சாவு அகற்றப்பட்ட பொன்மரம்

ஜப்பானிய நிறுவனமான ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கிய ‘எல்டன் ரிங்’ என்னும் விளையாட்டு 2022 பிப்ரவரியில் வெளிவந்தது. இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி. அதன் பின்புலத் தொன்மத்தை வகுப்பதில் புதின ஆசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் பங்கேற்றார். இதில் கதை நேராகச் சொல்லப்படுவதில்லை. ஒரு வாளின் குறிப்பிலும், இடிந்த கோயிலின் சிலையிலும், வழியில் எதிர்ப்படுவோரின் அரைகுறைப் பேச்சிலும் அது சிதறிக் கிடக்கிறது. சிதைந்த கல்வெட்டைப் பொருத்திப் படிப்பவரின் பொறுமை ஆடுவோருக்கு வேண்டும். வன்முறை மிகுந்தது, சிறார்க்கு உரியதன்று.

அத்துண்டுகளைப் பொருத்தினால் தோன்றும் வரலாறு வியப்பூட்டுவது. மரிக்கா என்னும் தெய்வ அரசி, உலகின் ஒழுங்கைத் தாங்கும் எல்டன் வளையத்திலிருந்து சாவின் எழுத்தைப் பிரித்தெடுத்துப் பூட்டிவைத்தாள். வானளாவிய பொன்மரத்தின் கீழ் அவளுடைய ஆட்சி பொற்காலமாகத் தொடங்கியது. ஆனால் சாவற்ற உலகு தளிர்க்கவில்லை, அழுகியது. ரடான் என்னும் மாவீரன் இதற்குச் சான்று. உடலை அரிக்கும் அழுகலால் அறிவிழந்த அவன், கடற்கரை மணலில் பிணங்களைத் தின்று அலைகிறான். அவனை நேசித்தோர் ஒரு விழாக் கூட்டி வீரர்களை அழைக்கின்றனர். அவனுக்கு மதிப்பான ஒரு சாவை அளிப்பதே அவ்விழாவின் நோக்கம். சாவை இரக்கத்தின் கொடையாக நாடும் இக்காட்சி, நாம் இவ்விளையாட்டில் கண்டவற்றுள் தலைசிறந்தது.

லெ குவின் சொன்னதையே மியாசாகியும் சொல்கிறார் என இங்கு நமக்குத் தோன்றலாம். ஆனால் நம் அளவுகோல் இங்கேதான் வேறு விடை தருகிறது. ஆடுபவர் இவ்விளையாட்டில் ஓயாது மடிகிறார். ஒரே பகைவனிடம் நாம் முப்பது முறைக்குமேல் மடிந்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அண்மையிலுள்ள ஓர் ஒளியருகே எழுகிறோம். அவ்வொளிக்குக் ‘கிரேஸ்’ என்றே பெயர். அருளைக் குறிக்கும் அதே சொல். அதனருகே அமர்ந்தால் காயங்கள் ஆறும். நாம் முன்பு கொன்ற சாதாரண வீரரும் பழையபடி எழுந்து நிற்பர். பகைவரைக் கொன்று சேர்த்த ‘ரூன்’களை அங்கே செலுத்தி வலிமையைப் பெருக்கிக்கொள்ளலாம். அருள் என்று பெயரிட்ட இடத்தில் கொலையின் ஊதியத்துக்கு வலிமை விற்கப்படுகிறது. இது மரிக்காவின் போலி ஒழுங்கைச் சாடும் அங்கதமா, பழக்கத்தால் வந்த அமைப்பா என்று நாம் நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். அங்கதம் எனக் கொள்ளவே விரும்பினோம்.

அவ்விருப்பத்துக்குப் பின்னைய நிகழ்ச்சி இடங்கொடுக்கவில்லை. கதையின் பிற்பகுதியில் பொன்மரத்துக்குத் தீமூட்டி, சாவின் எழுத்தைக் காக்கும் மலிக்கெத் என்னும் காவலனை வீழ்த்தி, சாவை உலகுக்கு மீட்டளிக்கிறோம். கதையின்படி இது பேரளவான திருப்பம். எனினும் அடுத்த போரில் நாம் மடிந்தால் என்ன நிகழ்கிறது? முன்போலவே ஒளியருகே எழுகிறோம். மீட்கப்பட்ட சாவு அனைவர்க்கும் உரியது. ஆடுபவர்க்கு மட்டும் உரியதன்று. வாணிக நோக்கில் இதற்குக் காரணம் கூறலாம். மீளமுடியாத சாவை ஏற்றுக்கொண்டு ஆடுவோர் சிலரே. ஆயினும் திறனாய்வு நோக்கில் இது பிளவு. கதை ஓர் உண்மையைச் சொல்ல, கைகள் அதற்கு மாறான பழக்கத்தைக் கற்கின்றன. நூறு மணிநேரம் ஆடியவரிடம் எஞ்சுவது எது? ‘சாவு வேண்டும்’ என்ற கதையா, ‘இன்னொரு முறை முயலலாம்’ என்ற பழக்கமா? பின்னதே என்று அஞ்சுகிறோம். அதனால் விடாமுயற்சி வளரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது வேறொரு நன்மை.

3. வெல்ல முடியாத ஆட்டம்

மூன்றாவது படைப்பு அளவிற் சிறியது. இரண்டு மணிநேரத்தில் முடிந்துவிடும். ‘தட் டிராகன், கேன்சர்’ என்னும் இவ்விளையாட்டு 2016 ஜனவரியில் வெளிவந்தது. ரையன் கிரீன், ஏமி கிரீன் என்னும் அமெரிக்கக் கிறிஸ்தவத் தம்பதியர் சிலரோடு இணைந்து இதனை உருவாக்கினர். அவர்களுடைய மகன் ஜோயெலுக்கு ஒரு வயதிலேயே மூளைப் புற்றுநோய் கண்டது. அவன் நோயோடு போராடிய காலத்தில் தொடங்கிய பணி இது. 2014 மார்ச் மாதத்தில், ஐந்து வயதில், அவன் இறந்தான். படைப்பு அதன் பிறகு நிறைவுற்றது.

இதன் தொடக்கத்தில் ஒரு குளக்கரையில் வாத்துகளுக்கு ரொட்டி எறிகிறோம். பின் மருத்துவமனை அறை. நீர்ச்சத்து வற்றிய குழந்தை இரவெல்லாம் அழுகிறான். தந்தையின் இடத்தில் நாம் நின்று, தூக்குகிறோம், தாலாட்டுகிறோம், பருகக் கொடுக்கிறோம். எதுவும் பயன்படவில்லை. ஒரு செயலுக்கு ஒரு விளைவு உண்டு என்பது கணினி விளையாட்டின் அடிப்படை உடன்பாடு. இவ்வறையில் அவ்வுடன்பாடு முறிகிறது. மற்றோரிடத்தில் நோய் பறவைநாகமாகவும் ஜோயெல் சிறு போர்வீரனாகவும் வரும் பழைய பாணி ஆட்டம் ஒன்று உண்டு. எத்துணைத் திறமையாக ஆடினாலும் அந்நாகத்தை வீழ்த்த இயலாது. எல்டன் ரிங் செய்யத் துணியாததை இச்சிறு படைப்பு செய்துவிட்டது. கதை கூறும் சாவை ஆடுபவரின் கைகளுக்கும் உரியதாக்கிவிட்டது.

பெற்றோர் இருவரின் நம்பிக்கையும் ஒரே வகையினதாகக் காட்டப்படவில்லை. தாய் அற்புதத்தை எதிர்நோக்கிப் படகில் நிற்க, தந்தை ஐயத்தில் கடலின் ஆழத்துக்கு அமிழும் காட்சியில், இருவரில் எவரையும் படைப்பு பழிக்கவில்லை. நோயுற்ற பிள்ளையின் வீட்டில் கணவனும் மனைவியும் வெவ்வேறு கரைகளில் நின்று மன்றாடுவதைக் கண்ட ஆயர்கள் இதன் உண்மையை அறிவர். மெழுகுதிரிகள் நிறைந்த பேராலயக் காட்சியில் மன்றாட்டுகள் ஒன்றன்மேலொன்றாக எழுகின்றன. குழந்தை பிழைக்கவில்லை. மருத்துவமனைச் சுவர்களெங்கும், புற்றுநோயால் அன்பரை இழந்த பலர் அனுப்பிய நினைவு வரிகளும் ஓவியங்களும் இடம்பெற்றுள்ளன. அவற்றை நின்று வாசிக்கலாம், வாசிக்காமலும் போகலாம். நாம் விரைந்து கடக்க முயன்று, இயலாமல் நின்றோம்.

குறைகள் இல்லாமலில்லை. சில இடங்களில் கவிதையுரை மிகுந்து, ஆடுபவர் வெறும் பார்வையாளராகிவிடுகிறார். கடல், நாகம், தோட்டம் என உருவகங்கள் அடுத்தடுத்து வருவதால் எதுவும் வேரூன்றுவதில்லை. இறுதிக் காட்சியில் ஜோயெல் நலமடைந்த சிறுவனாக, ஓர் இனிய வெளியில் உணவோடும் சோப்புக் குமிழிகளோடும் நம்மை வரவேற்கிறான். இது சாவின் கூர்மையை மழுக்கும் இனிப்பு என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. எல்டன் ரிங்கில் எழுதல் ஆடுபவரின் உரிமை. எத்தனை முறையும் கிட்டும். இங்கோ, குழந்தையை மீட்க நம் கையிலிருந்த வழிகளெல்லாம் தீர்ந்தபின், நாம் ஈட்டாத ஒன்றாக அக்காட்சி வருகிறது. விளையாட்டின் பரிசாக அது தரப்படவில்லை. பெற்றோரின் எதிர்நோக்காகவே முன்வைக்கப்படுகிறது. நம்பாதவரும் அதனை அவர்களுடைய சொல்லாக ஏற்கலாம்.

4. முடிவாக

மூன்றையும் நிரல்படுத்தச் சொன்னால், கலைநிறைவில் லெ குவினின் புதினத்தையே முதலில் வைப்போம். கற்பனையின் பரப்பில் எல்டன் ரிங் முந்துகிறது. உண்மைக்கு உடன்படுவதில், குறைகளோடு கூடிய அச்சிறு விளையாட்டே மேலானது எனத் துணிகிறோம்.

திருப்பணியாளர்க்கு இவற்றால் என்ன பயன்? மறையுரைக்கு எடுத்துக்காட்டுகள் தேடி இவற்றை அணுகவேண்டா எனக் கேட்டுக்கொள்கிறோம். நம் இளைஞருள் பலர் இத்தகைய உலகுகளில் நூற்றுக்கணக்கான மணிநேரம் வாழ்ந்து வருகின்றனர். அங்கே அவர்கள் பன்முறை மடிந்து எழுந்தவர்கள். அவர்களுடைய வீட்டில் ஒரு சாவு நிகழும்போது உயிர்த்தெழுதலைப் பற்றி நாம் பேசுகிறோம். மீண்டும் தொடங்கும் பொத்தானைப்போல அது அவர்கள் செவியில் விழுமாயின், பிழை அவர்களுடையது மட்டுமன்று. துயரத்தைக் கடக்க விரையும் அடக்க ஆராதனை உரைகள் பலவும் அப்பொத்தானையே அழுத்துகின்றன. இழப்பு இழப்பே என்று முதலில் ஒப்புக்கொள்ளும் சொல்லே எதிர்நோக்கைச் சுமக்க வல்லது. அத்தகைய சொல்லை நாம் தேடும்போது, ஓர் இரவறையில் அழுகையை அடக்க முடியாமல் குழந்தையைத் தோளிற் சுமந்து நிற்கும் அத்தந்தையின் காட்சி நமக்குத் துணைநிற்கும்.