ஏலச்சீட்டும் இல்லறத்தின் பணமுடையும்

போட்ட பணம் எந்த மாதத்தில் கைக்குத் திரும்பவேண்டும் என்பதைப் போடுகிறவரே தீர்மானித்துக்கொள்ளும் சுதந்திரத்தை, நம்மிடையே வழங்கிவரும் சேமிப்பு முறைகளுள் ஏலச்சீட்டைப்போல் தாராளமாக அளிப்பவை சிலவே. தபால் நிலையத் தவணை வைப்பு முதிர்வுத் தேதியை முன்னரே விதித்துவிடுகிறது. வங்கிக் கடனோ வருமானச் சான்றைக் கேட்கிறது. சீட்டிலோ, பெண்ணின் கல்யாணம் ஆவணியில் கூடிவிட்டால் ஆவணியிலேயே தள்ளிக் கேட்டு, அதாவது சீட்டுத் தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, எடுக்கலாம், அவசரமில்லாதவர் கடைசித் தவணைவரை பொறுத்திருக்கலாம் என்னும் ஏற்பாடு, மாதச் சம்பளம் அறியாத சிறு வியாபாரிகளையும் கைத்தொழிலாளரையும் தலைமுறைதோறும் ஈர்த்து வந்திருப்பது இயல்பே.

ஆனால், இந்தச் சௌகரியத்துக்குரிய விலையை யார் கொடுக்கிறார் என்பது ஆராயத்தக்கது. இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் வீதம் 20 மாதம் கட்டும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டில், நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம், தள்ளுக்கு உச்சவரம்பு 30 சதவீதம் என்று கொள்வோம். முதல் மாதமே முடைப்பட்டவர் உச்சவரம்புவரை தள்ளிக் கேட்டு 70,000 ரூபாயைப் பெற்றுச் செல்ல, தள்ளிய 30,000 ரூபாயில் கமிஷன் போக எஞ்சிய 25,000, ஆளுக்கு 1,250 ரூபாய் கசராக, அதாவது லாபப் பங்காக, பங்கிடப்படுகிறது. பொறுத்திருப்பவருடைய லாபம் முழுவதும் அவசரப்பட்டவருடைய நஷ்டத்திலிருந்தே பிறக்கிறது என்பது இதனால் விளங்கும். ஒருவருக்குமே முடையின்றி, மாதந்தோறும் கமிஷன் அளவே தள்ளிச் சீட்டு எடுக்கப்படுமாயின், கடைசிவரை காத்திருந்தவர் ஒரு லட்சம் கட்டி 95,000 ரூபாயே பெறுவார்! 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தில் 5 சதவீதமாயிருந்த கமிஷன் வரம்பு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 7 சதவீதமாக உயர்ந்துவிட்டபடியால், இந்தச் சேதம் இன்னும் பெருகவும் கூடும். வயோதிகத்துக்குப் பொருள் சேர்ப்பவர் சீட்டை நிச்சய வட்டி தரும் வைப்பாக எண்ணுவது பிழையென்றே கருதுகிறேன்.

இதனினும் கனமான குறை ஒன்றுண்டு. ஒரே தெருவின் நெசவாளர் கூடி நடத்தும் சீட்டில், நூல் விலை ஏறித் தறிகள் நின்றுபோகும் மாதத்தில் எல்லோருக்கும் ஒருங்கே முடை நேர்கிறது. பலர் உச்சவரம்புவரை தள்ளிக் கேட்டால் குலுக்கிப் போட்டே ஒருவரைத் தெரிந்தெடுப்பதால், வேண்டியபோது கிடைக்கும் என்ற உறுதி அவசியமான சமயத்திலேயே கலைந்துவிடுகிறது. முன்னரே எடுத்துவிட்டவர் நிலையோ இன்னும் பரிதாபம். அவருக்கு மறுமுறை எடுக்க உரிமையில்லை, பாக்கித் தவணைகள் மட்டும் நிற்கின்றன. ஏலம் மாதத்துக்கு ஒருமுறைதான் என்பதால், திடீர் வைத்தியச் செலவுக்கும் அதை நம்பியிருக்க முடியாது.

காலம் ஏறத்தாழத் தெரிந்து, ஓரிரு மாதம் முன்பின்னாக நகரக்கூடிய செலவுக்கே, உதாரணமாகக் கடைக்குச் சரக்கு பிடிப்பதற்கோ வீட்டுக்குத் தளம் போடுவதற்கோ, சீட்டு பொருந்தும். அவசரத்துக்கான ரொக்கத்தை வங்கிக் கணக்கில் தனியே வைத்த பிறகே அதில் சேரவேண்டும். சேருமுன் நடத்துபவரின் பதிவுச் சான்றைப் பார்ப்பதோடு, உடன் சேர்வோர் என்ன தொழில் செய்கிறார்கள், எந்தப் பருவத்தில் அவர்களுக்குப் பணம் வற்றும் என்பதையும் விசாரித்துக்கொள்வது மிக அவசியம்.