அச்சம் நீங்கிய வரையறை

ஒரு துறைக்கெனத் தனி ஆராய்ச்சி இதழ் தோன்றுமாயின், அத்துறை தன் பொருளை வரையறுத்துக்கொண்டது எனக் கருதுதல் இயல்பு. பயங்கரவாதம் பற்றிய ஆங்கில ஆய்விதழ்கள் இதற்கு மாறானவை. இதழ்கள் முன்னே தோன்றின. அனைவரும் ஒப்பும் வரையறை இன்றும் தோன்றவில்லை. இதன் விளைவினை ஈண்டு ஆராய்வோம்.

1977-இல் 'பயங்கரவாதம்' என்னும் பெயரிய இதழ் தொடங்கப்பெற்றது. 1992-இல் அது மற்றோர் இதழுடன் இணைந்து, 'பூசல், பயங்கரவாத ஆய்வுகள்' என்னும் பொருள்படும் பெயரை ஏற்றது. இடையே, 1989-இல், டேவிட் இராப்போபோர்ட், பால் வில்கின்சன் ஆகியோரை ஆசிரியராகக் கொண்டு 'பயங்கரவாதமும் அரசியல் வன்முறையும்' வெளிவந்தது. இத்துறையின் மூத்த இதழ்கள் இவையே.

அலெக்சு சிமிட் 1984-இல் வெளியிட்ட நூலில் 109 வரையறைகளைத் தொகுத்தார். 2004-இல் இலெனர்டு வைன்பெர்க்கும் உடனாய்வாளரும் மூன்று இதழ்களின் கட்டுரைகளை ஆராய்ந்து, 73 வரையறைகளைக் கண்டனர். அவற்றினின்று ஒரு பொது வரையறையும் வடித்தனர். அரசியல் நோக்கு, வன்முறை, விளம்பர நாட்டம் ஆகியன அதில் உள. அச்சம் மட்டும் இல்லை! போரில் ஈடுபடாத பொதுமக்கள் என்னும் கூறும் இல்லை. பலர் ஒப்பியவற்றை மட்டும் தொகுத்தமையால், சொல்லின் உயிர்ப்பொருளே நழுவிற்று என்பது எம் துணிபு.

அச்சத்தை முதலாகக் கொண்டு ஆராயும் முறை தமிழ் மாணாக்கர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காக வகுத்தார். அவர் கூறியது மெய்ப்பாட்டிலக்கணமே. அரசியல் நூல் அன்று. எனினும், கள்வரையும் இறையையும் ஒரு வரிசையில் வைத்த அப்பகுப்பு நம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது. மூத்த இதழ்கள் பெரிதும் ஆராய்ந்தது கள்வர்பால் தோன்றும் அச்சத்தையே எனலாம். அரசு விளைக்கும் அச்சம் புறக்கணிக்கப்பட்டது என்னும் குறைபாட்டினை முன்வைத்தே 2008-இல் 'பயங்கரவாதம் பற்றிய திறனாய்வு' இதழ் எழுந்தது. எல்லா வன்முறையையும் ஒரு சொல்லில் அடக்கின் அச்சொல் கூர்மை இழக்கும் என்பார் மறுப்பும் புறந்தள்ளற்பாலது அன்று. ஆயினும், செய்தவன் யார் என்பதைக் கொண்டன்றிச் செயலின் தன்மையைக் கொண்டே பெயரிடுதல் ஆய்வாளர் கடன்.

சான்று பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். 1995 முதல் 1999 வரை வெளிவந்த கட்டுரைகளை ஆராய்ந்த ஆண்ட்ரூ சில்க், மிகப் பெரும்பாலானவை பிறர் நூல்களையும் செய்தித்தாள்களையுமே சார்ந்து நின்றன என 2001-இல் காட்டினார். பின்னர் பார்ட் சூர்மன் 2007 முதல் 2016 வரையிலான 3,442 கட்டுரைகளை ஆராய்ந்து, நேர்ச்சான்றுகளின் பயன்பாடு பெருகியமையை நிறுவினார். தம் குறையைத் தம் பக்கங்களிலேயே வெளியிட்ட இவ்விதழ்களின் நேர்மை பாராட்டுக்குரியது.

தமிழில் 'பயங்கரவாதம்', 'தீவிரவாதம்' என்னும் இரண்டும் வேறுபாடின்றி ஆளப்படுகின்றன. முன்னது அச்சத்தைச் சுட்டும். பின்னது கொள்கையின் கடுமையைச் சுட்டும். கடுங்கொள்கை உடையார் அனைவரும் அச்சம் விளைப்பார் அல்லர். இச்சொற்கள் சட்டத்துட் புகுங்கால் மாந்தர்தம் உரிமையும் உயிரும் அவற்றின் பொருளைப் பற்றி நிற்கும். ஆதலின் இவற்றைப் பிரித்தறிதல் வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. தமிழ்த் துறையினர் தலைமேற்கொள்ளத்தக்க அறப்பணியே ஆகும்.