முதல் ஐந்து நிமிடம்: குற்றப் படங்கள் நம்மை எங்கே நிறுத்துகின்றன?

பார்த்த குற்றப் படத்தை நண்பரிடம் விவரிக்கும்போது நாம் கொலையிலிருந்துதான் ஆரம்பிப்போம். இயக்குநரின் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நடந்ததை நாம் கண்ணால் பார்க்கப் போகிறோமா, காதால் கேட்கப் போகிறோமா, பிறர் சொல்லித் தெரிந்துகொள்ளப் போகிறோமா? பாத்திரங்களைவிட நமக்கு அதிகம் தெரியுமா, குறைவாகவா? இந்தக் கணக்கைப் படத்தின் முதல் சில நிமிடங்களில் கேமராவும் படத்தொகுப்பும் ஒலியும் சேர்ந்து போட்டு முடித்துவிடுகின்றன. கணக்கு சரியாக விழுந்த படம் கடைசிவரை நம்மை விடாது. பிசகிய படத்தை எவ்வளவு ரத்தம் கொட்டியும் தூக்கி நிறுத்த முடியாது.

இந்த மூன்றில் ஒளிப்பதிவைப் பற்றி நிறைய எழுதுகிறோம், படத்தொகுப்பைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறோம். ஒலியைப் பற்றிப் பேசினால் பின்னணி இசையோடு நின்றுவிடுகிறோம். சிறந்த குற்றப் படங்களின் தொடக்கங்களை வரிசையாகப் பார்த்தால் பாதி வேலையைச் செய்வது ஒலிதான் என்பது விளங்கும். காட்சி மறைப்பதை ஒலி சொல்கிறது, காட்சி சொல்வதை ஒலி சந்தேகப்பட வைக்கிறது.

கேட்கும்வரை உயிரோடு இருக்கிறார்கள்

ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் 1931இல் எடுத்த ‘எம்’ அவருடைய முதல் பேசும் படம். சினிமாவுக்குக் குரல் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பல படங்கள் கிடைத்த இடத்திலெல்லாம் பேச்சையும் பாட்டையும் நிரப்பிக்கொண்டிருந்த நேரத்தில், லாங் ஒலியை எங்கே நிறுத்துவது என்று யோசித்தார்.

குடியிருப்பு ஒன்றின் முற்றத்தில் குழந்தைகள் வட்டமாக நின்று விளையாடுகிறார்கள். கேமரா மேலேயிருந்து பார்க்கிறது. நடுவில் நிற்கும் சிறுமி, கொலைகாரன் வருவதாகச் சொல்லும் பாட்டைப் பாடி ஒவ்வொருவராக ஆட்டத்திலிருந்து நீக்குகிறாள். மாடியிலிருந்து ஒரு பெண் அதட்டுகிறாள். பாட்டு நிற்கிறது, அவள் நகர்ந்ததும் மறுபடி கேட்கிறது. துணி துவைத்துக்கொண்டிருக்கும் இன்னொரு தாய், அவர்கள் பாடுவது காதில் விழும்வரை அவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்றாவது தெரிகிறதே என்கிறாள். தொடர்ந்து வரும் காட்சிகள் முழுக்க இந்த ஒரு பேச்சின் மேல்தான் நிற்கின்றன.

அவளுடைய மகள் எல்ஸி பள்ளி விட்டு வருகிறாள். பந்தைச் சுவரொட்டி ஒன்றின் மேல் அடித்து விளையாடுகிறாள். கொலைகாரனைப் பற்றித் தகவல் தருபவருக்குப் பரிசு என்று அறிவிக்கும் சுவரொட்டி அது. அதன் மேல் ஒரு மனிதனின் நிழல் விழுகிறது. பந்து அழகாக இருப்பதாகச் சொல்லிப் பெயர் கேட்கிறது ஒரு குரல். முகம் நமக்குக் காட்டப்படவில்லை. வீட்டில் தாய் சாப்பாடு தயார் செய்கிறாள், கடிகாரத்தைப் பார்க்கிறாள், படிக்கட்டில் காலடி கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறாள். தெருவையும் வீட்டையும் மாறி மாறி வெட்டிக் காட்டுவதால், அந்தத் தாய்க்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. பயம் அங்கேதான் பிறக்கிறது.

பிறகு அவள் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அந்தக் குரலின் மேல் ஆளில்லாத படிக்கட்டு, துணி காயும் ஆளில்லாத மேல்மாடி, சாப்பாட்டு மேசையில் காத்திருக்கும் தட்டு என்று ஒவ்வொரு ஷாட்டாக வருகிறது. கூப்பிடும் குரல் தேய்ந்து நின்றுபோன பிறகு, புதர் மறைவிலிருந்து பந்து உருண்டு வருகிறது. அவன் வாங்கிக் கொடுத்த பலூன் கம்பிகளில் சிக்கித் தவிக்கிறது. கொலை காட்டப்படவே இல்லை. குழந்தைகளின் சத்தம் இருக்கும்வரை உயிர் இருக்கிறது என்று முன்பே சொல்லிவைத்ததால், பதில் வராத அந்த அழைப்பே மரணச் செய்தி ஆகிறது.

இந்தப் படத்தில் பின்னணி இசை கிடையாது. கொலைகாரன் சீட்டியடிக்கும், இசையமைப்பாளர் கிரீகின் மெட்டு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. எல்ஸிக்குப் பலூன் விற்ற பார்வையற்ற வியாபாரி அந்தச் சீட்டியை மறுபடி கேட்டுத்தான் அவனை அடையாளம் காண்கிறார். தொடக்கத்தில் காதில் போட்டுவைத்த ஒரு தடயம் கதையின் திருப்பத்தையே சுமக்கிறது.

ஒரே ஷாட், இரண்டு ஒலிகள்

ஒலி எவ்வளவு தூரம் ஒரு காட்சியை மாற்றும் என்பதற்கு ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) போல வாய்ப்பான சான்று கிடைப்பது அரிது. வெட்டே இல்லாமல் மூன்று நிமிடத்துக்கும் மேல் ஓடும் அதன் தொடக்க ஷாட்டை ஒளிப்பதிவாளர் ரஸ்ஸல் மெட்டி க்ரேனில் எடுத்தார். இரண்டு கைகள் வெடிகுண்டின் கடிகாரத்தை முடுக்கிவிடுகின்றன. ஒருவன் ஓடிப்போய் அதை ஒரு காரின் டிக்கியில் வைக்கிறான். வயதான பணக்காரரும் ஓர் இளம்பெண்ணும் வந்து ஏறிக்கொள்ள, கார் கிளம்புகிறது. கேமரா கட்டடத்துக்கு மேலே எழும்பித் தெருவில் இறங்கி, புதுமணத் தம்பதி ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. காரும் தம்பதியும் மெக்சிகோ எல்லைச் சாவடியை நோக்கி நகர்கிறார்கள், ஒருவரையொருவர் முந்தியும் பிந்தியும்.

வெட்டு இல்லாததுதான் இங்கே விஷயம். கடிகாரம் ஓடுவதை நாம் பார்த்துவிட்டோம். இடையில் ஒரு வெட்டு விழுந்திருந்தால் நேரம் சுருங்கியிருக்கும், நமக்கும் மூச்சு விட இடம் கிடைத்திருக்கும். வெல்ஸ் அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. தம்பதி முத்தமிடும் நேரத்தில் வெடிச்சத்தம் கேட்கிறது, அதன் பிறகே முதல் வெட்டு, எரியும் கார்.

யுனிவர்சல் நிறுவனம் இந்த ஷாட்டின் மேல் டைட்டில் எழுத்துகளை ஏற்றி, ஹென்றி மேன்சினியின் இசையை முழுக்க ஓடவிட்டு வெளியிட்டது. மேன்சினியின் இசை தன்னளவில் அருமையானது. ஆனால் நம் கண் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருக்கிறது, காது தாளத்தோடு போய்விடுகிறது, குண்டு மறந்துவிடுகிறது. நிறுவனம் தொகுத்த படத்தைப் பார்த்துவிட்டு வெல்ஸ் 58 பக்கக் கடிதம் ஒன்றை எழுதினார். அதை அடிப்படையாக வைத்து 1998இல் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் படத்தை மறுபடி தொகுத்தார். எழுத்துகளை எடுத்துவிட்டார். மேன்சினியின் இசைக்குப் பதிலாக, மதுக்கடைகளிலிருந்து கசியும் பாட்டுகளும் கார் ரேடியோவும் தெருச்சத்தமும் வந்தன. இப்போது அந்தக் கார் திரையில் தெரியாதபோதும் அதன் ரேடியோ நெருங்குவதும் விலகுவதும் கேட்கிறது. குண்டு எங்கே இருக்கிறது என்பதைக் காது கணக்கு வைத்துக்கொண்டே இருக்கிறது.

எழுத்துகள் போனதைத் தவிர, பிம்பத்தில் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. முதலில் வந்த வடிவத்தில் நாம் ஒரு வித்தையை வேடிக்கை பார்க்கிறோம், இரண்டாவதில் அந்தத் தெருவில் நிற்கிறோம். திரைப்பட வகுப்புகளில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினாலே ஒலியமைப்பில் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

மெதுவாக விலகும் கேமரா, மெதுவாக நெருங்கும் கேமரா

பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா இரண்டு ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் ஜூம் என்ற ஒரே கருவியை எதிரெதிர்த் திசைகளில் இயக்கித் தொடங்குகின்றன. ‘தி காட்ஃபாதர்’ (1972) கறுப்புத் திரையில் ஒரு மனிதனின் குரலோடு ஆரம்பிக்கிறது. பிறகு முகம் தெரிகிறது. தன் மகளுக்கு நடந்த கொடுமையையும் நீதிமன்றம் கைவிட்டதையும் சொல்கிறான். கண்ணுக்கே தெரியாத வேகத்தில் கேமரா விலகிக்கொண்டே போகிறது. நாம் அவனுக்கு எதிரில் உட்கார்ந்து கேட்கிறோம் என்றே நினைத்திருக்கிறோம். இரண்டு நிமிடத்துக்கும் மேல் கழிந்து, சட்டகத்தின் ஓரத்தில் இன்னொருவரின் தோளும் கையும் இருட்டாகத் தெரியும்போதுதான், இத்தனை நேரம் மாஃபியா தலைவர் டான் கொர்லியோனின் பக்கத்திலிருந்து கேட்டுவந்திருக்கிறோம் என்று புரிகிறது. அவர் முகத்தைப் பார்க்கும் முன்பே அவர் பக்கம் சேர்ந்துவிட்டோம். ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் ஒளியைத் தலைக்கு மேலிருந்து விழவிட்டதால் கண்கள் நிழலில் அமிழ்ந்திருக்கின்றன. கதவுக்கு வெளியே கல்யாணக் கொண்டாட்டம், உள்ளே முணுமுணுப்பு. அந்தக் குடும்பத்தின் இரட்டை வாழ்க்கையை இந்த ஒலி வேறுபாடு ஒன்றே சொல்லிவிடுகிறது.

‘தி கான்வர்சேஷன்’ (1974) சான் ஃபிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தை வெகு உயரத்திலிருந்து பார்த்துத் தொடங்கி, கூட்டத்துக்குள் மெல்ல இறங்குகிறது. பாட்டும் பேச்சும் கலந்து கேட்கும் இடத்தில், திடீரென்று ஒலி உடைந்து மின்னணுக் கரகரப்பாகிறது. நாம் கேட்பது சதுக்கத்தின் சத்தம் இல்லை, யாரோ ஒட்டுக்கேட்கும் பதிவு. கூரை மேல் துப்பாக்கி போன்ற நீண்ட மைக்கோடு ஓர் ஆள் குறிபார்த்துக்கொண்டிருக்கிறான். இந்தப் படத்தின் ஒலியும் வால்டர் மர்ச்சின் கைவண்ணம்தான். முதல் நிமிடத்திலேயே ஒட்டுக்கேட்பவரின் இடத்தில் நம்மை உட்காரவைத்துவிட்டதால், கதாநாயகன் ஹாரி கால் ஒலிநாடாவைத் தவறாகப் புரிந்துகொள்ளும்போது நாமும் சேர்ந்தே ஏமாறுகிறோம்.

டிக்கியிலிருந்து வரும் சத்தம்

மார்ட்டின் ஸ்கோர்செஸியின் ‘குட்ஃபெல்லாஸ்’ (1990) இரவில் ஓடும் காருக்குள் தொடங்குகிறது. ஏதோ இடிக்கும் சத்தம். காரில் இருக்கும் மூவரும் டயரா என்று குழம்புகிறார்கள். வண்டியை நிறுத்துகிறார்கள். பின்விளக்கின் சிவப்பில் டிக்கி திறக்கிறது. உள்ளே இருப்பவன் இன்னும் சாகவில்லை. ஒருவன் கத்தியால் குத்துகிறான், ஒருவன் சுடுகிறான். மூன்றாமவனான ஹென்றி டிக்கியைச் சாத்தும்போது அவன் முகத்தில் படம் உறைகிறது. அவன் குரல், சிறு வயதிலிருந்தே தான் இந்த வாழ்க்கையைத்தான் விரும்பினேன் என்கிறது. உடனே டோனி பென்னெட்டின் உற்சாகமான பாட்டு வெடித்துக் கிளம்புகிறது.

தெல்மா ஸ்கூன்மேக்கரின் படத்தொகுப்பில் இந்த உறைநிலைக்குத் தனி மதிப்பு உண்டு. குரல் ஆசையைச் சொல்கிறது, உறைந்த முகம் பார்த்த பயங்கரத்தைக் காட்டுகிறது, பாட்டு கொண்டாடுகிறது. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அந்த முரணுக்குள் நம்மை விட்டுவிட்டுத்தான் கதை பின்னோக்கிப் போகிறது.

வெயிலில் ஒரு வயல்

இருட்டும் மழையும் இல்லாமலும் குற்றப் படம் தொடங்கலாம் என்று காட்டியவர் பாங் ஜூன்-ஹோ. 1986 முதல் தென்கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் நடந்த தொடர் கொலைகளை வைத்து அவர் எடுத்த ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ (2003) நல்ல வெயிலில், விளைந்த நெல்வயலில், ஒரு சிறுவனின் முகத்தில் ஆரம்பிக்கிறது. துப்பறிவாளர் உழவு வண்டியில் வந்து இறங்கி, வடிகாலுக்குள் குனிந்து பிணத்தைப் பார்க்கிறார். சுற்றிலும் பிள்ளைகள் ஓடியாடுகிறார்கள். அந்தச் சிறுவன் அவர் சொல்வதையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்கிறான். தடயங்களைக் காப்பாற்ற ஆளில்லை, சொன்ன பேச்சைக் கேட்க ஆளில்லை. அகலமான சட்டகமும் விளையாட்டுச் சத்தமும் விசாரணை தோற்கப்போவதை வசனமில்லாமல் சொல்லிவிடுகின்றன.

நம் பக்கம்

தமிழில் இந்த மரபு தாமதமாக வந்தது அல்ல. எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) துப்பாக்கிச் சத்தத்தோடும் சிவாஜி கணேசனின் சாவோடும் தொடங்குகிறது. அவருடைய முதல் படமான ‘பராசக்தி’ வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், கதாநாயகனைத் தொடக்கத்திலேயே கொன்றுவிட்டு, ஐந்து பேரைச் சந்தேகத்தில் நிறுத்துவதற்கு ஏவி.எம். போன்ற நிறுவனத்தின் படத்தில் எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்! சென்னை மீது ஜப்பானியர் குண்டு போட்ட 1943 அக்டோபரில் கதை நடக்கிறது. படத்தில் ஒரு பாட்டும் கிடையாது. பாட்டு வந்து ஆசுவாசப்படுத்தும் என்ற எதிர்பார்ப்பை எடுத்துவிட்டதால், ரசிகரும் விசாரணையில் ஓர் ஆளாக உட்கார வேண்டியதாயிற்று.

வெற்றிமாறனின் ‘வட சென்னை’ (2018) கொலைக்குப் பிறகான நேரத்தில் தொடங்குகிறது. கொன்றவர்கள் உணவுக்கடை ஒன்றில் உட்கார்ந்து அடுத்து என்ன என்று பேசுகிறார்கள். செத்தவர் யார், ஏன் என்பது நமக்குச் சொல்லப்படவில்லை. அந்த முகத்தை நெடுநேரம் மறைத்துவைத்து, பிறகு முழு வாழ்க்கையாகத் திருப்பித் தரும்போது, முதலில் பார்த்த காட்சியின் பொருளே மாறிவிடுகிறது. எதைக் காட்டாமல் தொடங்குவது என்ற தேர்வுதான் இங்கே தொடக்கத்தின் வலிமை.

இன்று நம்மிடம் தேர்ந்த ஒளிப்பதிவாளர்களும் ஒலிவடிவமைப்பாளர்களும் இருக்கிறார்கள், ஒவ்வொரு சிறு சத்தத்தையும் பிரித்துக் காட்டும் திரையரங்குகளும் இருக்கின்றன. ஆனாலும் நம் குற்றப் படங்கள் பலவற்றில் முதல் நிமிடத்திலிருந்தே பின்னணி இசை எழுந்து நின்று, பயப்படு என்று கட்டளையிடுகிறது. அதன் இரைச்சலில் காலடிச் சத்தமும் கதவுச் சத்தமும், தூரத்தில் ஒருவர் கூப்பிடும் குரலும் புதைந்துபோகின்றன. ரசிகர் தானே கேட்டுத் தானே ஊகிக்கும் வாய்ப்பு பறிபோகிறது. லாங் 1931இல் இசையில்லாமல் சாதித்ததும், மர்ச் 1998இல் இசையை அகற்றிச் சாதித்ததும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன: தொடக்கத்தில் ரசிகரின் காதை நம்ப வேண்டும். தமிழ்க் குற்றப் படத்தின் அடுத்த வளர்ச்சி அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. எழுதும்போதே, முதல் காட்சியில் என்ன தெரியும் என்பதோடு என்ன கேட்கும் என்பதையும் திரைக்கதையில் எழுதிவைக்கும் இயக்குநர்களிடமிருந்து அது வரும்.