பன்னாடைக்கு மேலே ஒரு சாக்கு

சூரிச்சில் எங்கள் மூன்றாம் மாடிப் பல்கனியில் ஒரு பனை நிற்கிறது. நம் பனை அல்ல. இங்குள்ளவர்கள் ‘ஹன்ஃப்பால்மே’ என்பார்கள், சணற்பனை. விசிறி ஓலை, மட்டையோரம் பொடிக் கருக்கு. தூரத்தில் நின்று பார்த்தால் வடலிதான்.

அதன் அழகு தண்டில். காய்ந்த மட்டையை வெட்டி எடுத்தாலும் பன்னாடை விடாது. கபில நிறத்தில், குறுக்கும் நெடுக்குமாய், யாரோ தறியில் பாதி நெய்துவிட்டு எழுந்துபோனதுபோல் சுற்றிச் சுற்றி இறுகியிருக்கும். நன்னூல் கடைமாணாக்கனுக்கு உவமை சொன்ன நெய்யரி பன்னாடைதான். நாமும் ஆளைத் திட்ட அந்தச் சொல்லையே எடுக்கிறோம். இந்த மரத்தின் ஊரான சீனாவில் இதே நாரில் மழைக்கோட்டு செய்து போட்டார்கள். அவர்கள் தந்த மரியாதைதான் சரி.

நிலத்தில் வேரூன்றிய மரம் மைனஸ் 15 பாகை வரையும் தாக்குப்பிடிக்கும். கொத்தார்ட் மலைக்குத் தெற்கே திச்சினோவில் இது காடேறிக் களையாகிவிட்டது. 2024 செப்டெம்பர் முதல் சுவிஸில் விற்கவே தடை. அங்கே பிடுங்குகிறார்கள், இங்கே நான் போர்த்துகிறேன்.

சாடியில் நிற்கும் வேருக்கு நாலு பக்கமும் குளிர். கீழே ஒரு பலகை, சாடியைச் சுற்றிக் காற்றுக்குமிழ்ப் பிளாஸ்டிக், அதன்மேல் சாக்கு. பிறகு வீட்டுச் சுவரோடு ஒட்டித் தள்ளிவைப்பேன். ஓலைகளை மேலே கூட்டித் தளர்வாகக் கட்டி, கடும் உறைபனி இரவுகளில் மட்டும் மூச்சுவிடும் வெள்ளைத் துணி. வீடியோவில் பார்த்த அம்மா சிரித்தா: “உதென்ன பிள்ளை, வடலிக்கு ஆரும் சட்டை போடுவினமே?”

மண் உறைந்தால் வேர் குடிக்காது. வெயிலோ ஓலையிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குளிரில் பட்டதாக நாம் நினைக்கும் மரம் பலவேளை தாகத்தில் பட்டது. பனி விட்ட நாள் பார்த்து, மத்தியானத்தில் ஒரு பேணி தண்ணீர் விடுவேன். குருத்தில் ஒரு துளி படக்கூடாது.

பனைக்கு உயிர்நிலை ஒன்றே ஒன்று, அந்தக் குருத்தடி. அங்கே நீர் தேங்கி உறைந்து உருகினால் அழுகல். மாசியில் மெல்ல இழுத்தால் குருத்து கையோடு வந்துவிடும். முன்பு ஒரு மரத்தை அப்படித்தான் இழந்தேன். உருவி வந்த அடியில் புளித்த மணம்.

அதனால் இப்போது இழுத்துப் பார்ப்பதில்லை. மார்கழியில், மடித்த விசிறியாய் நிற்கும் குருத்துக்கும் பக்கத்து மட்டைக்கும் சேர்த்து மார்க்கர் பேனாவால் குறுக்கே ஒரு கோடு. தை முழுக்க அது ஒரே கோடுதான். மாசியிலும் அப்படியே. பங்குனியில் ஒரு காலை, தேத்தண்ணிக் கோப்பையோடு குனிந்து பார்த்தேன்: குருத்தின் பாதிக் கோடு, மட்டையின் பாதியைவிட ஒரு நெல்லளவு மேலே நின்றது.