ஒரு விரலும் ஒரு நாற்காலியும்

தொலைக்காட்சி மல்யுத்தத்தை மதிப்பிட உட்காருகிறவர், ‘இதெல்லாம் நிஜமா?’ என்ற கேள்வியை முதலில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். 1989-லேயே டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனம் நியூஜெர்சி மாநிலச் செனட்டில், நாங்கள் நடத்துவது விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டுவிட்டது. யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்திருக்கிறார்கள் என்பது பார்ப்பவர்களுக்கும் தெரியும். அப்படியானால் எதை வைத்து எடைபோடுவது? ஒரு நிகழ்ச்சி நம்மை எதற்காகக் காத்திருக்க வைத்தது, காத்திருந்தவர்களுக்கு என்ன கொடுத்தது என்பதை வைத்துத்தான். சண்டை பொய்யாக இருக்கலாம். காசு கொடுத்து வந்து காத்திருப்பவரின் எதிர்பார்ப்பு பொய்யில்லை.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு பார்க்க 1999 ஜனவரி 4, திங்கட்கிழமை இரவைவிடப் பொருத்தமான இரவு கிடைக்காது. அன்று அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சியில் இரண்டு மல்யுத்த நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் மோதின. டி.என்.டி. சேனலில் டபிள்யூ.சி.டபிள்யூ.வின் ‘மண்டே நைட்ரோ’, யு.எஸ்.ஏ. நெட்வொர்க்கில் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் ‘ரா’. நான் எடுத்துக்கொள்வது நைட்ரோவின் அத்தியாயத்தை. ஆனால் ராவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அதைப் பேச முடியாது.

நைட்ரோவின் பெரிய பலம் அதன் நேரலை. தொலைக்காட்சி முதலாளி டெட் டர்னரின் பணத்தில் 1995 செப்டம்பரில் தொடங்கிய அந்த நிகழ்ச்சி, வாராவாரம் அந்தந்த ஊரிலிருந்து அப்போதே ஒளிபரப்பானது. ரா அப்படியல்ல. செலவைக் குறைக்க ஒரு வாரம் நேரலை, மறுநாளே அடுத்த வாரத்துக்கான பதிவு என்று பல காலம் ஓட்டினார்கள். இந்த வித்தியாசத்தை நைட்ரோ அருமையாகப் பயன்படுத்தியது. 1996 மே 27 அன்று, சில நாள் முன்புவரை எதிரி நிறுவனத்தில் இருந்த ஸ்காட் ஹால், பார்வையாளர்களுக்கு நடுவிலிருந்து எழுந்து சாதாரண உடையில் நடந்து வந்து மைக்கைப் பிடித்தார். என்ன நடக்கிறது என்று வீட்டில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 1997 நவம்பரில் மல்யுத்த வீரர் ரிக் ரூட் ஒரே இரவில் இரண்டு சேனலிலும் தோன்றினார்: பழைய பதிவான ராவில் தாடியோடு, நேரலையான நைட்ரோவில் மீசை மட்டும் வைத்துக்கொண்டு. எது இப்போது நடப்பது, எது ஆறிப்போனது என்பதை அவர் முகமே சொல்லிவிட்டது. 1996 நடுவிலிருந்து 1998 ஏப்ரல் வரை எண்பது வாரங்களுக்கும் மேலாக நைட்ரோ தொடர்ந்து ராவைத் தோற்கடித்ததற்கு, ‘அடுத்த நிமிடம் என்ன வேண்டுமானாலும் நடக்கும்’ என்ற இந்தப் பரபரப்பு முக்கியக் காரணம்.

இதே பலத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு பழக்கமும் வந்தது. எதிரி நிகழ்ச்சி பதிவு செய்யப்பட்டதாக இருந்தால், அதன் முடிவுகளை நைட்ரோவின் நேரலையில் முன்கூட்டியே சொல்லிவிடுவது. டபிள்யூ.சி.டபிள்யூ.வை நடத்திய எரிக் பிஷாஃப் இதைத் தொடக்க வாரங்களிலிருந்தே செய்தார். தொழில் போட்டி என்று பார்த்தால் கூர்மையான ஆயுதம்தான். அந்தப் பக்கம் ஏன் போகிறீர்கள், அங்கே நடக்கப்போவது இதுதான் என்று சொன்னால் யார் போவார்கள்? சில காலம் அந்தக் கணக்கு பலித்தது என்றே சொல்ல வேண்டும். ஜனவரி 4-ல் அது திரும்பி வந்து தாக்கியது.

அன்றைய நைட்ரோவின் அடித்தளம் மோசமானதல்ல. இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இடம் அட்லாண்டாவின் ஜார்ஜியா டோம். வந்திருந்தவர்கள் 38,000-க்கும் மேல். முக்கிய ஆட்டமாக அறிவிக்கப்பட்டிருந்தது கெவின் நேஷுக்கும் கோல்ட்பெர்க்குக்கும் இடையிலான மறு மோதல். கோல்ட்பெர்க்கை அந்த ஊர் தன் பிள்ளையாகவே நினைத்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கும் பிறகு அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். ஃபால்கன்ஸின் அன்றைய சொந்த மைதானமே இந்த ஜார்ஜியா டோம். முந்தைய ஜூலையில் இதே கூரையின் கீழ்தான் ஹல்க் ஹோகனை வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனார். தோல்வியே காணாமல் 173 வெற்றிகள் என்று நிறுவனம் கணக்குச் சொன்ன அந்த ஓட்டம், டிசம்பர் 27 அன்று வாஷிங்டனில் முடிந்தது. ஸ்காட் ஹால் மின்னதிர்ச்சிக் கருவியால் அவரைத் தாக்க, நேஷ் பெல்ட்டை எடுத்துக்கொண்டார். எட்டு நாள் கழித்து சொந்த ஊரில், சொந்த மக்கள் முன்னால், வஞ்சத்தால் தோற்றவன் கணக்குத் தீர்க்க வருகிறான். மல்யுத்தக் கதையில் இதைவிட நல்ல தொடக்கம் எழுத முடியாது.

அந்தத் தொடக்கத்தை அவர்கள் செலவழித்த விதம்தான் வேதனை. நிகழ்ச்சியின் நடுவே, நிகழ்ச்சியின் பெண் பாத்திரமான மிஸ் எலிசபெத்தைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்ததாகக் குற்றம்சாட்டி கோல்ட்பெர்க்கைப் போலீஸார் விலங்கு போட்டு அழைத்துப் போகிறார்கள். பிறகு வாக்குமூலம் கொடுக்கும்போது எலிசபெத் தடுமாற, குற்றச்சாட்டு பொய் என்று தெரிகிறது. ஒரு பெண்ணின் புகார் என்றாலே சூழ்ச்சிதான் என்ற எண்ணத்தைக் கதைக்கு வசதியாகப் பயன்படுத்திக்கொண்டது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கதைக்கலையாகப் பார்த்தாலும் இது பலவீனம். கோதாவில் வெறும் தோள்பலத்தால் எதிரியைச் சில நிமிடங்களில் சாய்ப்பவர் என்றுதான் மக்கள் கோல்ட்பெர்க்கை நேசித்தார்கள். அவரை ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார வைத்து விசாரித்தால், அவரிடம் பார்க்க எதுவும் இல்லை. மூன்று மணி நேர நிகழ்ச்சியின் நடுப்பகுதியை இந்தக் காட்சிகள் விழுங்கின. சாம்பியனை எதிர்க்க ஆள் இல்லை என்றானதும், நவம்பரில் ஜே லெனோவின் தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சியில் ஓய்வு அறிவித்திருந்த ஹோகன் உள்ளே வருகிறார்.

இதற்கிடையில்தான் அந்த அறிவிப்பு. வர்ணனையாளர் டோனி ஷியாவோனி, பிஷாஃபின் உத்தரவின்படி, ராவின் முடிவை நேரலையில் சொன்னார். ஒருகாலத்தில் நம்மிடம் கேக்டஸ் ஜாக் என்ற பெயரில் ஆடிய மிக் ஃபோலி அங்கே உலகப் பட்டத்தை வெல்லப்போகிறார் என்றார். அது எத்தனை பேரைத்தான் அரங்குக்கு இழுத்து வருமோ என்ற தொனியில் கேலியாக ஒரு வாக்கியத்தையும் சேர்த்தார். அடுத்த சில நிமிடங்களில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் டி.என்.டி.யிலிருந்து யு.எஸ்.ஏ. நெட்வொர்க்குக்கு மாறியதாக, பார்வையாளர் எண்ணிக்கையை அளக்கும் நீல்சன் கணக்குச் சொன்னது.

முடிவு தெரிந்த பிறகு ஏன் போனார்கள்? இந்தக் கேள்விதான் அந்த இரவின் சாரம். நம் ஊர் திரௌபதி அம்மன் திருவிழாவில் பதினெட்டாம் போர்க் கூத்துக்கு உட்கார்ந்திருப்பவர்களில் துரியோதனன் சாகப்போவது தெரியாதவர் ஒருவரும் இல்லை. தெரிந்ததால்தான் விடியும்வரை விழித்திருக்கிறார்கள். எப்படிச் சாகிறான், திரௌபதி எப்படிக் கூந்தல் முடிகிறாள் என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஃபோலி விஷயத்திலும் இதுவே நடந்தது. முடிவைச் சொன்னால் ஆர்வம் செத்துவிடும் என்று பிஷாஃப் நினைத்தார். பாதி ஆட்டங்களுக்கு அது பொருந்தும். மக்கள் உள்ளூர வேண்டிக்கொண்டிருந்த ஒரு முடிவுக்கு அது பொருந்தாது. அந்த முடிவைச் சொல்வது அழைப்பிதழ் நீட்டுவதாகிவிடுகிறது.

ஃபோலியைப் பற்றி மக்களுக்கு என்ன தெரியும் என்பதையும் நைட்ரோ தப்பாக எடைபோட்டது. பருத்த, அழகில்லாத உடம்பு. 1994-ல் டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்காக மியூனிக்கில் ஆடும்போது கயிற்றில் சிக்கி ஒரு காதின் பெரும்பகுதியை இழந்தவர். 1998 ஜூனில் பிட்ஸ்பர்க்கில் சுமார் 16 அடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து மேசைமேல் விழுந்து, அதன் பிறகும் எழுந்து வந்தவர். இவ்வளவுக்கும் பிறகு பெரிய பட்டம் அவர் கைக்கு வந்ததே இல்லை. பட்டம் கிடைக்காத உழைப்பாளி எந்த ஊரிலும் உண்டு. அவனைப் பார்த்துச் சிரித்தால், சிரித்தவர்மேல்தான் கோபம் வரும்.

சேனல் மாறியவர்கள் பார்த்தது, மாசச்சூசெட்ஸின் வுஸ்டரில் டிசம்பர் 29-லேயே பதிவான ஆட்டம். மேன்கைண்ட் என்ற பெயரில் ஃபோலி, எதிரே சாம்பியன் தி ராக். இருவர் பக்கமும் கூட்டாளிகள் கோதாவைச் சுற்றி நிற்கிறார்கள். ஆட்டம் கைகலப்பாகிக் குழம்பும் நேரத்தில் கண்ணாடி உடையும் சத்தத்தோடு, ரசிகர்களின் நாயகன் ஸ்டீவ் ஆஸ்டினின் இசை எழுகிறது. அந்தக் கணத்தில் எழுந்த ஆரவாரத்துக்கு ஈடாக வேறொன்றை நான் மல்யுத்தத் தொலைக்காட்சியில் கேட்டதில்லை. ஆஸ்டின் நாற்காலியால் ராக்கை அடித்துச் சாய்க்கிறார். ஃபோலியை இழுத்து அவர்மேல் போடுகிறார். மூன்று எண்ணிக்கை முடிகிறது. கூட்டாளிகள் ஃபோலியைத் தோளில் தூக்க, ராக்கின் பக்கம் நின்ற முதலாளி வின்ஸ் மெக்மேன் கோபத்தில் துடிக்க, ஃபோலி மைக்கைப் பிடித்துத் தன் பிள்ளைகளுக்குச் சேதி சொல்கிறார். ஆறு நாள் பழைய டேப் அது. ஆனாலும் அன்றிரவு உயிரோடு இருந்தது அதுதான். நேரலையாக ஓடிக்கொண்டிருந்த நிகழ்ச்சி, எங்கோ முன்பே முடிந்துபோன ஒன்றாகத் தெரிந்தது. ஒரு நிகழ்ச்சியின் துடிப்பு ஒளிபரப்பாகும் நேரத்தில் இல்லை, பார்க்கிறவர் ஏங்கியது கிடைப்பதில் இருக்கிறது என்பதற்கு இந்த ஒரு ஜோடி அத்தியாயங்களே போதும்.

வியப்பான விஷயம், அங்கே ஃபோலி ஜெயித்ததும் பலர் மீண்டும் நைட்ரோவுக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கு இந்த ஆட்டத்தையும் பார்க்கும் ஆசை இருந்தது. திரும்பி வந்தவர்கள் கண்டது இதுதான்: நேஷும் ஹோகனும் கோதாவில் சுற்றுகிறார்கள். நேஷ் ஹோகனைத் தள்ளுகிறார். ஹோகன் ஓங்கிய கையை நிறுத்தி, ஒரு விரலால் நேஷின் மார்பில் தொடுகிறார். ஏழடி மனிதர் குண்டடி பட்டதுபோல மல்லாந்து விழுகிறார். ஹோகன் மேலே படுக்க, உலகப் பட்டம் கைமாறுகிறது. எதிரிகளாக நடித்தவர்கள் கட்டித் தழுவிக்கொள்கிறார்கள். போலீஸிடமிருந்து விடுபட்டு ஓடிவரும் கோல்ட்பெர்க் முதலில் எல்லோரையும் புரட்டி எடுக்கிறார். உதவ வருவதுபோல வந்த சக வீரர் லெக்ஸ் லூகரும் துரோகம் செய்ய, கயிற்றோடு விலங்கிடப்பட்டு, மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டு, முதுகில் ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கப்பட்டுக் கிடக்கிறார்.

வில்லன்கள் ஏமாற்றுவது தவறில்லை. ஏமாற்றாத வில்லனுக்குக் கதையில் வேலையும் இல்லை. நேஷ் விழுந்த விதத்தில் ஒரு நடிகனின் நேரக்கணக்கும் துணிச்சலும் இருந்தன. காகிதத்தில் அந்த எண்ணத்தைப் படித்தால் சாமர்த்தியமாகவே தோன்றும். தவறு எங்கே என்றால், ஏமாந்தது யார் என்பதில். வில்லன் நாயகனை ஏமாற்றினால், நாயகன் திருப்பி அடிக்கும் நாளைப் பார்க்க மக்கள் அடுத்த டிக்கெட் வாங்குவார்கள். இங்கே ஏமாற்றப்பட்டவர்கள் கோல்ட்பெர்க்கின் ஆட்டத்துக்காகக் காசு கொடுத்து வந்து உட்கார்ந்திருந்த 38,000 பேர். அவர்களுக்கு ஆட்டமும் இல்லை, மாற்று ஆட்டமும் இல்லை. அவர்களுடைய கோபம் ஹோகன் என்ற பாத்திரத்தின்மேல் நிற்காமல் நிறுவனத்தின்மேல் போய் விழுந்தது. அந்தக் கோபத்தை மீட்டெடுக்க ஒரு வழி இருந்தது: கோல்ட்பெர்க் ஒவ்வொருவராக வேட்டையாடி, கடைசியில் ஹோகனிடமிருந்து பட்டத்தைப் பிடுங்குவது. அது நடக்கவில்லை. மார்ச் மாதத்தில் ஹோகனிடமிருந்து பட்டத்தை எடுத்தவர் ரிக் ஃபிளேர். ஜனவரியில் வாங்கிய கடன் அடைக்கப்படாமலே போனது.

இந்த இரவுதான் டபிள்யூ.சி.டபிள்யூ.வைக் கொன்றது என்று இன்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. அன்றைய பார்வையாளர் மதிப்பீட்டுப் புள்ளிகள் ராவுக்கு 5.7, நைட்ரோவுக்கு 5.0. ஐந்து புள்ளி என்பது சாவு மணி அல்ல. சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. நேருக்கு நேர் மோதலில் நைட்ரோ கடைசியாக ராவை ஜெயித்தது 1998 அக்டோபர் 26-ல். அதுவும் எப்படி? முந்தைய நாள் கட்டணம் செலுத்திப் பார்த்த ‘ஹாலோவீன் ஹேவக்’ நேரம் கடந்து ஓடி, பலர் வீட்டில் முக்கிய ஆட்டத்தின் நடுவே ஒளிபரப்பு துண்டிக்கப்பட, அந்த ஆட்டத்தை மறுநாள் இலவசமாகப் போட்டுக் காட்டியதால். நிறுவனத்தின் முடிவை எழுதியது தொடர்ந்த பண நஷ்டமும், ஏ.ஓ.எல். – டைம் வார்னர் இணைப்புக்குப் பிறகு மல்யுத்தமே வேண்டாம் என்று 2001 மார்ச்சில் சேனல் நிர்வாகம் எடுத்த முடிவும். அந்த மாதமே வின்ஸ் மெக்மேன் அதை வாங்கினார். ஒரே ஒரு விரல்மேல் எல்லாப் பழியையும் போடுவது சுவையான கதை. ஆனால், வாக்குக் கொடுத்து மாற்றும் பழக்கம் பல மாதங்களாக ஊறியிருந்ததை அந்தக் கதை மறைத்துவிடுகிறது.

ராவையும் முழுக்கப் பாராட்டி விட்டுவிட முடியாது. ஆட்டமாகப் பார்த்தால் அது சிறியது, ஒழுங்கற்றது. வெளியாள் வந்து நாற்காலியால் முடித்துவைத்த வெற்றி. உணர்ச்சி அந்தக் குறைகளை மூடியது. அந்த உணர்ச்சியை வளர்க்க ராவிடம் இருந்த ஒரே மூலதனம் ஃபோலியின் உடம்பு. இருபது நாள் கழித்து, ஜனவரி 24-ல் ‘ராயல் ரம்பிள்’ மேடையில், ‘விட்டுவிடுகிறேன்’ என்று சொல்பவர் தோற்றவர் என்ற விதியில் ராக் பட்டத்தைத் திரும்பப் பெற்றார். கைகள் பின்னால் விலங்கிடப்பட்ட நிலையில், பேசி வைத்ததைவிட அதிகமாக, பதினோரு முறை ஃபோலியின் தலையில் நாற்காலி இறங்கியது. மனைவியும் சிறு பிள்ளைகளும் முன்வரிசையில் அழுதார்கள். அந்தக் காட்சி ‘பியாண்ட் தி மேட்’ ஆவணப்படத்தில் இருக்கிறது. ஃபோலி கடைசிவரை அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பழைய பேட்டியில் பேசியதை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு ஆட்டத்தை முடித்தார்கள். ஜனவரி 4 ராவை உச்சிமேல் வைத்துக் கொண்டாடும் எந்த மதிப்புரையும் அந்தப் பதினோரு அடிகளையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனம் பார்வையாளரின் நம்பிக்கையைச் செலவழித்தது. இன்னொன்று அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியது, ஆனால் விலையை ஒரு தனி மனிதனின் தலையில் இறக்கியது.