வாயில் மறைத்த நூல்: ‘காஞ்சிவரம்’ திரைப்படத்தில் வாக்கும் குற்றமும் – ஆரணி நெசவை முன்வைத்து

2007ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், சிறந்த நடிகர் (பிரகாஷ்ராஜ்) என்னும் இரண்டையும் பெற்றது பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’. வறுமை ஒரு நெசவாளியைத் திருடனாக்கிய கதை என்றே இப்படம் பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. அவ்வாசிப்பு போதுமானதன்று என்பது இக்கட்டுரையின் கருத்து. வேங்கடம் அரிசிக்காகத் திருடுவதில்லை. பட்டு உடுத்தி மகளை மணமுடித்துத் தருவதாக, அவள் குழந்தையாக இருந்தபோதே வாக்களித்துவிட்டான். சேர்த்த பணம் தங்கையின் குடும்பத்துக்குப் போன பின்பே, ஒவ்வொரு நாளும் சிறிது பட்டு நூலை வாயில் மறைத்துக் கொண்டுவரத் தொடங்குகிறான். பசியைத் தாங்கிய மனிதனால் வாக்குத் தவறும் இழிவைத் தாங்க இயலவில்லை.

ராபர்ட் மெர்ட்டன் 1938இல் முன்வைத்த இறுக்கக் கோட்பாடு இதனை விளக்க உதவுகிறது. ஒரு சமூகம் தன் உறுப்பினர் அனைவருக்கும் ஒரே இலக்கைக் காட்டி, அதனை அடையும் முறையான வழியைச் சிலருக்கு அடைத்துவிடுமாயின், அடைபட்டோருள் சிலர் இலக்கை விடாது வழியை மட்டும் மாற்றுவர். மெர்ட்டன் இதனைப் ‘புதுவழி காணல்’ என்றார். இலக்கு, வழி இரண்டையுமே மறுத்து வேறோர் அமைப்பை நாடுவோரைக் ‘கிளர்ச்சி’ என்னும் தனி வகையில் வைத்தார்.

வேங்கடம் இரண்டிலும் நிற்கிறான் என்பதே படத்தின் நுட்பம். பகலில் பொதுவுடைமைத் தோழன். கூலிக்காக வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்துபவன். இரவில் மறைவாக மகளின் சேலையை நெய்பவன். ஆயின் தறிகள் நின்றால் திருட நூல் இல்லை. திருமணம் நெருங்கியதும் தோழர்களை வேலைக்குத் திரும்பச் சொல்லும் அவன் சொல்லில் கிளர்ச்சியாளனைத் திருடன் வென்றுவிடுகிறான். என் வாசிப்பில் அவன் இழைத்த பெருங்குற்றம் இதுவே; சட்டத்தின் எப்பிரிவிலும் இதற்கு இடமில்லை. தனிமனிதனின் இறுக்கம் கூட்டு எதிர்ப்பை உள்ளிருந்தே அரிக்கும் என்பதனை மெர்ட்டனின் பகுப்பு காட்டுவதில்லை.

படத்தின் நெசவாளிகள் முதலாளியின் கூடத்தில் நெய்து, வெளியேறும்போது சோதனைக்கு உட்படுகின்றனர். திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியில் தறி பெரும்பாலும் வீட்டிலேயே உள்ளது. முதலாளி நூலை எடை போட்டுத் தருகிறார். நெய்த சேலை மீண்டும் எடைக்கு வருகிறது. இங்கே தராசே காவலன். மகளின் திருமணம் என்னும் அதே இலக்கு இங்கும் உண்டு. ஆனால் அது திருட்டாக அன்றி, முன்பணமாக மாறுகிறது. முன்பணம் பெற்றவர் அது தீரும்வரை வேறொருவருக்கு நெய்ய இயலாத நிலை, பட்டு நெசவு ஊர்கள் நன்கறிந்த ஒன்று. கடனைக் காட்டி உழைப்பைப் பிணைப்பதை 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. அங்குத் தண்டனைக்குரியவர் கடன் கொடுத்தவரே. இறுக்கத்தைக் குற்றத்தோடு இணைக்கும் ஆய்வுகள் நூலெடுத்தவனின் மனத்தையே துருவுகின்றன. தராசு பிடித்தவரின் பக்கம் அவை திரும்புவது அரிது.

படத்தின் இறுதியில் வேறொரு குற்றம் நிகழ்கிறது. சிறையிலிருந்து சில நாள் விடுப்பில் வரும் வேங்கடம், கிணற்றில் விழுந்து உடல் செயலிழந்த மகளுக்கு நஞ்சூட்டுகிறான். முடியாத சேலையால் உடலை மூட, முகத்தை மறைத்தால் கால் தெரிகிறது. காலை மறைத்தால் முகம் தெரிகிறது. இறுக்கம் குற்றமாவது ஒருவருக்குள்ள துணைகளைப் பொறுத்தது என 1992இல் இக்கோட்பாட்டை விரித்தெழுதிய ராபர்ட் அக்னியூ வலியுறுத்தினார். மனைவி இறந்துவிட்டாள்; தங்கை பொறுப்பேற்க மறுக்கிறாள்; சிறை காத்திருக்கிறது. எனவே செயலின் காரணம் விளங்குகிறது. ஆனால் விளக்கத்தையும் மன்னிப்பையும் படம் ஒன்றாக்கிவிடுகிறது. நூல் திருட்டுக்கு ஊரும் காவலரும் சிறையும் காட்டப்படுகின்றன. கொலைக்குக் கண்ணீர் மட்டுமே. தாமரை இறக்க விரும்பினாளா என்னும் வினாவை அவள் தந்தையும் எழுப்பவில்லை, திரைக்கதையும் எழுப்பவில்லை.