குவாசர்களை எண்ணும் கலை

1963-இல் 3சி 273 என்ற வான்பொருளின் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகள் ஏறத்தாழ 16 விழுக்காடு சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதை மார்ட்டின் ஷ்மிட் கண்டுகொண்டார். நட்சத்திரம் போலத் தெரிந்த அந்தப் புள்ளி 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால், ஒரு ராட்சதக் கருந்துளையில் விழும் வாயு சூடேறி ஒளிரும் குவாசர். ஷ்மிட்டின் புகழ் இதில் நிற்கிறது. கைத்திறனோ 1968-இல் அவர் எழுதிய கட்டுரையில் இருக்கிறது.

சிக்கல் இதுதான். தொலைவு கூடக்கூட மங்கியவை மறைந்து, பிரகாசமானவை மட்டுமே பட்டியலில் சேரும். இப்படிப்பட்ட பட்டியலை வைத்துக்கொண்டு, அவற்றின் ஒளி கிளம்பிய பழங்காலத்தில் குவாசர்கள் அதிகமா குறைவா என்று எப்படிச் சொல்வது? ஷ்மிட் ஒவ்வொரு குவாசரையும் தனியே எடுத்தார். இதை எவ்வளவு தூரம் வரை தள்ளி வைத்தால் இன்னும் பட்டியலில் தங்கும் என்று கேட்டார். அது இப்போது இருக்கும் தொலைவு வரையிலான கன அளவை, அந்த எல்லை வரையிலான கன அளவால் வகுத்தார். எங்கும் சீராகப் பரவியிருந்தால் சராசரி 0.5 வரவேண்டும், கிடைத்ததோ சுமார் 0.7. பழங்காலத்தில்தான் கூட்டம்! தரவின் குறையையே அளவுகோலாக மாற்றிய இந்த வகுத்தலைவிட நேர்த்தியான ஒன்றை வானியலில் காண்பது அரிது.

பிறகு கருவிகள் பெருத்தன. ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் நடந்த 2டிஎஃப் ஆய்வு, ஒரே வீச்சில் 400 ஒளியிழைகளைப் பயன்படுத்தி 23,000-க்கும் மேற்பட்ட குவாசர்களைப் பதிந்தது. குவாசர்களின் உச்சகாலம் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் என்பது உறுதியானது.

சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கி 1999-இல் ஏவப்பட்ட சந்திரா விண்வெளித் தொலைநோக்கி, தூசிக்குப் பின்னால் ஒளிந்தவற்றையும் எக்ஸ் கதிரில் காட்டியது. அதில் வெளிவந்தது ஒரு தலைகீழ் வரிசை: மிகப் பிரகாசமானவை முதலில் ஓய்ந்தன, மிதமானவை வெகு காலம் கழித்தே உச்சம் தொட்டன.

போலந்தின் ஆண்ட்ஜெய் சோல்தான் 1982-இல் போட்ட கணக்கும் இதே மரபு. குவாசர்கள் உமிழ்ந்த மொத்த ஒளியைக் கூட்டினால், இன்று அமைதியாகிவிட்ட விண்மீன் மண்டலங்களின் நடுவே எவ்வளவு கருந்துளை நிறை கிடக்கும் என்று சொல்லிவிடலாம். விழும் பொருளில் பத்தில் ஒரு பங்கு ஒளியாகிறது என்று கொண்டால், பின்னாளில் அண்டை மண்டலங்களில் அளந்த நிறைகள் அதனோடு நன்றாகவே ஒத்துப்போயின.

இப்போது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பிரபஞ்சத்தின் முதல் 150 கோடி ஆண்டுகளுக்குள் சின்னஞ்சிறு செம்புள்ளிகளை ஏராளமாகக் காட்டுகிறது. பெரும்பாலானவற்றில் எக்ஸ் கதிரே தென்படவில்லை. இவை கருந்துளைகள்தானா, எவ்வளவு கனமானவை என்ற விவாதம் நடக்கிறது. விடையைப் பொறுத்து சோல்தானின் கூட்டல் திருத்தப்படலாம்.